கை ஆடாத மாதங்கள்

1979 மார்ச் 6, செவ்வாய்

ஆபீஸில் இப்போது எனக்கு மட்டும் அரை கிளாஸ் டீ. ஏன் என்று கேட்டேன். கான்டீன்காரன் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "நிறைய ஒழிச்சா தூவிப் போகும், மேடம்" என்றான். உண்மைதான், சிந்திவிடும். அந்த உண்மையைச் சொல்ல அவன் குனிந்தானே, அதுதான் குமட்டியது. பக்கத்து மேஜை பிச்சுமணி சட்டென்று ஃபைலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். ஐம்பது வயதில் ஒருத்தி டீ குடிப்பதைப் பார்க்க இவ்வளவு கூச்சம்.

வலது கை ஆட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. பார்க்கின்ஸன் நோய். கை ஆடினாலும் கணக்கு ஆடியதில்லை. எல்லா ஜில்லாச் சந்தைகளிலிருந்தும் வரும் அரிசி, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய் விலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து மாத அறிக்கை தயாரிப்பது என் வேலை. அதில் இன்றுவரை ஒரு திருத்தம் வந்ததில்லை.

காலையில் தலையணை உறையில் எச்சில் கறை. மதினி அதை இரண்டு விரலால் தூக்கி வாளியில் போட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. காட்டியிருந்தால் தேவலை. எனக்கே பார்க்கக் கூசும் கறை. அவள் கூசாத மாதிரி நடிப்பதைப் பார்க்க இன்னும் கூசுகிறது.

மார்ச் 9

சாம்பார் வாடை. அண்ணன் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் சத்தம். வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 14, புதன்

அண்ணன் மகள் பகவதிக்கு பூதப்பாண்டியிலிருந்து ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் எஞ்சினியர். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆரியசாலையில் இருக்கும் தன் வற்றல் மொத்தக்கடையைச் சீக்கிரமே அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தான்.

சாப்பிடும்போது மதினி சொன்னாள்: "பொண்ணு பாக்க வாறாவ. கை மட்டும் ஆடாம இருந்தா போதும்."

யாருடைய கை என்று சொல்லவில்லை. எல்லோரும் சோற்றைப் பார்த்தார்கள்.

பிறகு அண்ணன்தான் என்னை டாக்டர் சுவாமிதாஸிடம் கூட்டிப்போனான். சாலைக் கடைத்தெருவில் கிளினிக். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அவர்தான் மருந்து தருவார். அண்ணன் விஷயத்தைச் சொன்னான். "குடும்பத்து வியாதின்னு நெனச்சிருவாவ, டாக்டர். கல்யாணம் முடியுத மட்டும்." டாக்டர் சிரித்தார். நடுக்கத்துக்கு நான் தின்னும் மாத்திரையை இரண்டு மடங்குக்கும் மேலாக ஏற்றினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆடுகிற சுவர்க்கடிகாரத்தைக் கடைக்கு எடுத்துப் போன மாதிரி இருந்தது.

ஏன் பேசாமல் இருந்தேன்? பகவதி நான் தூக்கி வளர்த்தவள் என்பதாலா? கை ஆடாமல் இருந்தால் எனக்கும் நன்றாக இருக்கும் என்பதாலா?

ஏப்ரல் 1, ஞாயிறு

கை நின்றுவிட்டது. மடியில் செத்த பல்லி மாதிரி கிடக்கிறது. வாய் வறண்டு, எச்சிலும் இல்லை. மதினிக்கு இரட்டைச் சந்தோஷம்.

பூதப்பாண்டிக்காரர்கள் வந்தார்கள். பையனின் அம்மா பருமனான, நிதானமான மனுஷி. பெண்ணைப் பார்த்த நேரத்தைவிட என்னைப் பார்த்த நேரம் அதிகம். "உங்க நாத்தனார் சிரிக்கவே மாட்டாவளோ?" என்று மதினியிடம் கேட்டாள்.

"அவ ஆபீஸருல்லா. அப்படித்தான்" என்றாள் மதினி.

நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். என் கணக்கில் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு கண்ணாடியில் பார்த்தேன். இட்லித்தட்டு மாதிரி ஒரு முகம். இந்த நோய் முகத்தையும் பிடித்து வைத்துவிடுமாம்.

சம்பந்தம் பேசி முடித்தாயிற்று. ஆவணியில் கல்யாணம்.

ஏப்ரல் 17

தேங்காய் விலைக்கு நேராக மரச்சீனி விலையை எழுதியிருக்கிறேன். மூன்று ஜில்லாவுக்கு. பிச்சுமணி கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாமல் திருத்திவிட்டு, "சாரமில்ல மேடம், போகட்டும், மனுஷர்க்கு வர்றதுதானே" என்றார். அவர் பல்லில் ஒட்டியிருந்த வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றி சொல்லத் தோன்றவில்லை.

சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி கரமனைப் பாலத்தருகே நின்றேன். வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து பார்க்கிற பாலம். ஒரு மீன்காரி, "எங்ஙோட்டா அம்மா?" என்று கேட்டாள். எங்கே போகிறேன் என்று அவளிடம் போய் என்ன சொல்வது?

ஏப்ரல் 26, வியாழன்

சோற்றில் எறும்பு. தட்டு நிறைய, வெள்ளைச் சோற்றின் மேல் கறுப்பாக ஊர்ந்தது. விரலால் ஒதுக்க ஒதுக்க வந்தது. தட்டைத் தள்ளினேன்.

"என்னத்த ஒதுக்குக?" என்றாள் மதினி.

"எறும்பு."

மதினி குனிந்து பார்த்தாள். பகவதி பார்த்தாள். அண்ணன் எழுந்து வந்து பார்த்தான். மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எறும்பு இல்லை. ஆனால் இப்போதும் எனக்குத் தெரிகிறதே — தெரிவதை என்ன செய்வது?

ஏப்ரல் 29

நான் உட்கார்ந்திருக்கும்போதே பேசுகிறார்கள். வேறு அறைக்குப் போகக்கூட இல்லை. அண்ணன் மதினிகிட்ட சொல்றான், "புத்தி போவுது, வடிவு. கல்யாணத்தன்னைக்கு மாப்பிள்ளை வீட்டாருக்க முன்னால வல்லதும் சொல்லிட்டா?" மதினி சொல்றா, "ஒழுகினசேரி சித்தி வீட்டுல கொண்டு விட்டிருவோம். கல்யாணம் முடிஞ்சு கூட்டியாந்தா போச்சு." பெஞ்சை எடுத்துப் பின்கட்டுல போடுற மாதிரி. எனக்குக் காது இருக்குன்னாவது ஞாபகம் இருக்கா இவங்களுக்கு? கத்தணும்னு வந்துது. வாய் வறண்டு நாக்கு ஒட்டிக்கிட்டு. என்ன எளவு வாய் இது. என்ன எளவு வீடு.

எதைப் பார்த்தாலும் வெறுப்பு. மல்லிகைப்பூவைக்கூட.

மே 8, செவ்வாய்

ஆபீஸில் மேனேஜர் கூப்பிட்டு, மரியாதையாக, வேலை பார்க்கும் நிலையில் இருக்கிறேன் என்று பெரிய டாக்டர் ஒருவரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார். கிடைக்காவிட்டால் மருத்துவக் காரணம் காட்டி ஓய்வு. அதனால்தான் இன்று பெரிய ஆஸ்பத்திரி. பகவதி துணைக்கு வந்தாள். அண்ணனுக்குக் கடை.

நரம்பு டாக்டர் ஐயப்பன், நாற்பது வயதுக்குள் இருக்கும். முதலில் மூளையின் மின் அலையைப் பதிவு செய்ய வேண்டும் என்றார். ஒரு பெண் என் தலைமுடியை வகிர்ந்து வகிர்ந்து ஏதோ பிசினைத் தடவி, வயர்களை ஒட்டினாள். குளிர்ந்த, கொழகொழத்த பிசின். பேன் பார்ப்பது போல அவள் விரல்கள். ஒரு மேஜையின் மேல் வரிசையாகப் பேனாக்கள். நீளக் காகிதம் ஓட ஓட அவை தாமாகவே கிறுக்கின. கண்ணை மூடு, திற, மூச்சை வேகமாக இழு. என் தலைக்குள் இருப்பதை யாரோ ஒட்டுக்கேட்டு எழுதிக்கொள்வது மாதிரி இருந்தது. ஆடாமல் படுத்திருந்தேன். கைதான் நின்றுபோயிற்றே.

பிறகு டாக்டர் கேட்டார்: "நூறிலிருந்து ஏழேழாகக் குறைத்துச் சொல்லுங்கள்."

பதினேழாயிரம் விலைகளுக்குச் சராசரி எடுத்தவளிடம் இதைக் கேட்கிறானே என்று பற்றிக்கொண்டு வந்தது. சொன்னேன். தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு. எழுபத்தொன்பது.

எழுபத்தொன்பது.

அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. சுவர்கூட இல்லை, முட்டிக்கொள்ள. டாக்டர் காத்திருந்தார். பகவதி என் பக்கம் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

பிசின் இன்னும் முடியிலிருந்து போகவில்லை. சீயக்காய் போட்டு இரண்டு தரம் தேய்த்தாயிற்று.

மே 10, வியாழன்

மறுபடி ஆஸ்பத்திரி. காகிதத்தை மேஜையில் விரித்துக் காட்டினார். கண்ணை மூடிக்கொண்டால் பின்மண்டையில் நொடிக்கு ஒன்பது, பத்து அலை எழவேண்டுமாம். எனக்கு ஆறுதான் எழுகிறது. "தூங்கி வழியிற ஆளோட காகிதம் மாதிரி இருக்கு. ஆனா நீங்க முழிச்சிருந்தீங்க" என்றார்.

"புத்தி போகிறதா?"

"இந்த நோயே சிலருக்கு அப்படிச் செய்யும். ஆனால் அதைச் சொல்றதுக்கு முன்னால, என்ன மாத்திரை சாப்பிடறீங்க?"

பகவதி சீட்டைக் கொடுத்தாள். அவர் இரண்டு தரம் படித்தார். "இவ்வளவா? யார் கூட்டினது?" சொன்னேன். எதற்காகக் கூட்டினது என்றும் சொன்னேன். அவர் சுவாமிதாஸைத் திட்டவில்லை. இந்த மாத்திரை கையை நிறுத்தும், எச்சிலை வற்றவைக்கும், அளவு கூடினால் மறதியைக் கொடுக்கும், இல்லாததைக் காட்டும் என்றார். எறும்பு! எழுந்து நின்று அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. முகத்தில் ஒன்றும் தெரிந்திருக்காது.

பிறகு, "மனசு எப்படி இருக்கு?" என்றார்.

"அருவருப்பா இருக்கு."

"எதைப் பாத்து?"

"என்னைப் பாத்து. சாம்பார் வாடை. அண்ணனுக்க செருப்புச் சத்தம். முந்தாநாள் தடவின பிசின். இப்ப நீங்க கேக்கிற இந்தக் கேள்வி."

அவர் சிரிக்கவில்லை. பகலில் வருகிறதா, எழும்போதே இருக்கிறதா என்று கேட்டார். எழும்புவதற்கு முன்னாலேயே கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கும் என்றேன். இந்த மாத்திரைக்கு முன்பும் இருந்ததா? இருந்தது. கை ஆட ஆரம்பிப்பதற்கும் முன்னால் இருந்தது என்று சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது.

"இந்த நோய் கையை மட்டும் பிடிக்காது. மனசையும் பிடிக்கும். சில பேருக்கு மனசைத்தான் முதல்ல பிடிக்கும்" என்றார்.

"அது இந்தக் காகிதத்தில் தெரியுதா?"

"இல்லை. மந்தம் தெரியுது, வெறுப்பு தெரியல. பின்னால ஒரு காலத்தில் அதையும் பார்க்க முடியலாம். இப்போ அதுக்கு உங்ககிட்டத்தான் கேக்கணும்."

மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். கை ஆடும், எச்சில் வரும், பேடிக்கேண்ட, பயப்பட வேண்டாம் என்றார். கைக்கென்று வேறு புது மருந்து இருக்கிறதாம், கிடைப்பதுதான் கஷ்டம். இரண்டு மாதம் கழித்து மறுபடி காகிதம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸுக்கு எழுதித் தருவாராம்.

வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இந்த வெறுப்பு என்னுடையதா, நோயுடையதா? அண்ணன்மேல் வருகிற கசப்பில் எவ்வளவு அண்ணனுக்குரியது, எவ்வளவு மூளைக்குள் ஏதோ வற்றிப்போனதற்குரியது? சராசரி எடுக்க முடியாத கணக்கு.

மே 11

வீட்டில் சொன்னேன்.

அண்ணன்: "ஆவணி வரைக்கும் பொறுக்கப்பிடாதா? உனக்குக் கணக்கா பெருசு, பிள்ளைக்க வாழ்க்கையா பெருசு?"

மதினி: "கை ஆடிட்டு, வாயும் ஒழுகிட்டு மணவறைக்க முன்னால வந்து இருப்பாளாக்கும்."

"புத்தி கெட்டு இருக்கதுக்கு அது கொள்ளாம், தேவல" என்றேன். நாக்கு ஒட்டாமல் வந்த முதல் வாக்கியம்.

டாக்டர் சொன்னதை முழுசும் கேட்டவள் பகவதி ஒருத்திதான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மே 25

எறும்பு போய்விட்டது. பஸ்ஸில் எல்லா நிறுத்தமும் தெரிந்தது. கை ஆடுகிறது. மேல்துண்டு நனைகிறது. நாற்றம். ஆனால் நாற்றம் என்று தெரிகிறது.

ஜூன் 3, ஞாயிறு

நான்கு நாளாக மறுபடி மந்தம். காலையில் தினத்தாளை ஒரே பக்கத்தில் வைத்து உட்கார்ந்திருந்தேன். நாக்கு வறண்டது. கை அமைதியாக இருந்தது. நோய் முற்றிவிட்டது என்றுதான் நினைத்தேன். டாக்டர் சொன்னது பொய், மாத்திரையில் ஒன்றுமில்லை, புத்திதான் போகிறது என்று.

மத்தியானம் பகவதி மோர் கொண்டுவந்தாள். கொஞ்ச நாளாக அவள்தான் தருகிறாள். குடித்து முடித்ததும் நாக்கில் கசப்பு. கறிவேப்பிலைக் கசப்பில்லை. டம்ளரின் அடியில் வெள்ளையாக ஒரு பொடி. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எத்தனை மாதம் தின்ற மாத்திரை, எனக்குத் தெரியாதா?

கூப்பிட்டேன். வந்தாள். டம்ளரை நீட்டினேன். கை ஆடவில்லை.

"அத்தை, கல்யாணம் வரைக்குந்தான். எனக்குப் பயமா இருந்துது."

"அம்மை சொன்னாளா?"

"இல்ல. யாருக்கும் தெரியாது. நானாட்டுத்தான்."

மதினியாக இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். அண்ணனாக இருந்திருக்கலாம். இவள் எழுபத்தொன்பதில் நான் நின்றபோது பக்கத்தில் இருந்தவள். எறும்பு ஏன் வந்தது என்று தன் காதால் கேட்டவள். தெரிந்து, பொடித்து, கலக்கி, நான் குடிப்பதை நின்று பார்த்திருக்கிறாள்.

போய் வாந்தி எடுத்தேன். விரல் விடவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஜூன் 4

மோர் விஷயத்தைச் சொன்னேன். அண்ணனும் மதினியும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்னப்பிள்ளையாம்.

ஜூன் 17, ஞாயிறு

ஸ்ரீவராகத்தில் ஒரு மாடி அறை. பிச்சுமணிதான் பார்த்துக் கொடுத்தார். வெற்றிலைப் பல்லோடு. மாடம்மாள் என்று ஒருத்தி காலையும் மாலையும் வந்து சமைத்து, துணி துவைத்துத் தருகிறாள். தலையணை உறையைப் பார்த்து, "எங்க கொழுந்தனுக்கு இதவிட ஊத்தும்" என்றாள். அவ்வளவுதான். முழுக் கையாலும் எடுத்து வாளியில் போட்டாள்.

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று, "ஊரு என்ன சொல்லும்?" என்றான். நான் எங்கே தூங்குவேன், கை ஆடும் ஆள் மாடிப்படி எப்படி ஏறுவாள் என்று கேட்கவில்லை. ஊரைத்தான் கேட்டான். ஒரே வயிற்றில் பிறந்தவன். அந்த முகத்தை இத்தனை நாள் எப்படிப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்?

படி ஏறுவது கஷ்டம்தான். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறேன்.

ஜூலை 10, செவ்வாய்

பிசின், வயர், பேனா. கை ஆடிக்கொண்டே இருந்ததால் காகிதத்தில் அங்கங்கே கிறுக்கல் விழுந்தது. டாக்டர் அதைத் தள்ளிவிட்டு அமைதியான இடங்களைத் தேடிப் படித்தார். பின்மண்டையில் எட்டரை. சில இடத்தில் ஒன்பது. ஏழேழாகவும் குறைத்தேன். இரண்டு வரை வந்தேன், மெதுவாக. அவர் போதும் என்று சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

ஆபீஸுக்கு எழுதிக் கொடுத்தார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தால், பக்கத்தில் ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அந்த வாடை, அந்தச் சப்புக்கொட்டல். எழுந்து திரும்பவும் உள்ளே போய், "அலை சரியாயிற்று. வெறுப்பு அப்படியே இருக்கிறது" என்றேன்.

"அப்போ அது மாத்திரையால வந்ததில்லை. அதைத் தனியாத்தான் பாக்கணும்" என்றார். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார். இதுவும் கொஞ்சம் மறதியைத் தரக்கூடியது, அதனால் கால் மாத்திரையில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுவாராம். எறும்பு வந்தால் உடனே வரவேண்டும். முதல் தடவையாக ஒரு மாத்திரையைப் பற்றி என்னிடம் சொல்லி, எனக்குச் சம்மதமா என்றும் கேட்டார்கள்.

ஆகஸ்ட் 2

மாத்திரையால் ஒன்றும் ஆகவில்லை. நாக்கு மட்டும் வறள்கிறது. டாக்டர் பொறுக்கச் சொல்கிறார். பொறுக்கச் சொல்லாதவர் யார்?

ஆகஸ்ட் 26, ஞாயிறு

கல்யாணத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் இருந்தேன். காலையில் மாடம்மாள், "நீங்க போவாட்டி அவங்க செயிச்ச மாதிரி" என்றாள். பட்டுச்சேலை கட்டிவிட்டாள்.

முன்வரிசையில் உட்கார்ந்தேன். கை ஆடியது. மறைக்கவில்லை. மதினி மணவறையிலிருந்து பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். அண்ணன் என் பக்கமே வரவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா நேராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கை அங்கேயும் ஆடியது.

"எங்க சித்தப்பாவுக்கு இதே தீனந்தான்" என்றாள். "பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே உங்க முகத்தப் பாத்து எனக்குத் தெரிஞ்சு போச்சு. கேட்டா உங்களுக்குச் சங்கடமாகும்னு கேக்கல்ல."

முதல் நாளே தெரியுமாம். அந்த மாத்திரை, எறும்பு, பாலத்தருகே நின்றது, மோர், எல்லாமே எதற்கு? தெரிந்தவளிடமிருந்து மறைப்பதற்கு. சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்து இதையே நினைத்தேன். அருவருப்பு வரும் என்று பார்த்தேன். வந்தது. ஆனால் பாயசத்தின் மேல் வரவில்லை. பாயசம் நன்றாக இருந்தது. இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தேன்.

செப்டம்பர் 19

ரேடியோவை நானே போட்டேன். எப்போது கடைசியாகப் போட்டேன் என்று நினைவில்லை. மறதியால் இல்லை.

அக்டோபர் 21, ஞாயிறு

பகவதி வந்தாள். தனியாக. அவள் வீட்டுக்காரனுக்கு இங்கே ஏதோ வேலையாம், சாயங்காலம் வந்து கூட்டிப்போவானாம். படியேறி வந்து கதவருகே நின்றாள்.

"அத்தை, மன்னிக்கணும்" என்று ஆரம்பித்து அழுதாள். மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். பார்க்கச் சகிக்கவில்லை. "முதல்ல மூக்கத் தொடச்சுக்கோ. வடை ஆறுது" என்றேன்.

மாடம்மாள் சுட்ட வடை. இரண்டு பேரும் தின்றோம். ஆபீஸைப் பற்றிக் கேட்டாள். செப்டம்பர் அறிக்கை போய்விட்டது, திருத்தம் இல்லை என்றேன். கை இப்போது எப்படி என்று கேட்டாள். பார்க்கிறாயே என்றேன். பிறகு, தனக்குப் பிள்ளை பிறந்தால் அதற்கும் இது வருமா என்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். ஓ, அந்தப் பயம்தானா எல்லாம்? எனக்குத் தெரியாது, டாக்டர் ஐயப்பனிடம் வேண்டுமானால் கூட்டிப்போகிறேன், நேராகக் கேட்டுக்கொள் என்றேன்.

அவள் செய்தது அருவருப்பான காரியம். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். மனச்சோர்வு மாத்திரை தின்னத் தொடங்கி மூன்று மாதமாகிறது. வடை வாடை பிடிக்கிறது, மாடம்மாளின் பேச்சு பிடிக்கிறது, காலையில் கட்டிலில் நான் மட்டும்தான் இருக்கிறேன். இந்த ஒன்று மட்டும் அசையவில்லை. அப்படியானால் இது நோயுடையது இல்லை. என்னுடையது. வைத்துக்கொள்கிறேன்.

நாலு மணிக்கு வானம் இருண்டது. துலாமாத மழை. கீழே மாப்பிள்ளை வந்து மணியடித்தான். பகவதி சேலையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனாள். வெறுங்கையோடு வந்திருக்கிறாள்.

"அந்தக் குடைய எடுத்திட்டுப் போ" என்றேன்.

எடுத்துக்கொண்டு போனாள். என்னிடம் இருப்பது அந்த ஒரு குடைதான். நாளை சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கி நனைந்துதான் வரவேண்டும்.